ஜகார்த்தாவில் தங்கம் வென்ற ஹைதராபாத் ஆசிரியர்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து இறுகும் காலம் வந்துவிட்டால், கட்டைபறிச்சான் சிறுவர்களுக்கு மைதானம் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. வரம்புக்கு அருகே இரண்டு தடிகளை நட்டால் அதுவே கோல் கம்பம். வெறுங்காலோடு ஓடும் அந்த ஆட்டத்தை நாமும் ஆடியிருக்கிறோம். பெருவிரல் நகம் பெயர்ந்து வீட்டில் ஏச்சும் வாங்கியிருக்கிறோம். மூதூரிலிருந்து ஓர் அணி வந்துவிட்டால் அன்றைய ஆட்டத்தைப் பார்க்க இரண்டு ஊர்களும் கூடும். வென்றது யார், தோற்றது எதனால் என்ற விவாதம் அடுத்த வாரம் வரை தேநீர்க் கடைகளில் ஓயாது. கோல் அடித்தவனின் பெயர் எல்லோர் வாயிலும் இருக்கும். வருகின்ற பந்தை எப்படி நிறுத்துவது என்று அவனுக்குப் பழக்கிய ஆசிரியரின் பெயரை மட்டும் எவரும் சொல்வதில்லை.

அப்படிப் பெயர் மறைந்துபோன ஆசிரியர்களுள் ஆசியாவிலேயே பெரியவர் ஒருவர் இருந்தார். ஹைதராபாத்தைச் சேர்ந்த செய்யித் அப்துல் ரஹீம். 1950ஆம் ஆண்டு முதல் 1963ஆம் ஆண்டு தமது மரணம் வரை இந்திய உதைபந்தாட்டத்தின் தலையெழுத்தை எழுதியவர். ஆசிய விளையாட்டு விழாவில் இரண்டு தங்கப் பதக்கங்களும் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் அவரது பயிற்சியில் இந்தியாவுக்குக் கிடைத்தவை. 2024ஆம் ஆண்டு மைதான் என்ற ஹிந்தித் திரைப்படம் வெளிவந்த பின்னரே எமது இளைஞர்களில் பலர் அவரது பெயரைக் கேள்விப்பட்டனர். திரைப்படத்துக்கு நோயும் கண்ணீரும் வேண்டியிருந்தன. ஆனால் ரஹீமின் வாழ்க்கையில் உண்மையில் வியக்கத்தக்கது அவரது நோயல்ல, அவரது பாடமுறை என்பதே எமது கருத்து.

1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி நிஜாமின் ஆட்சியிலிருந்த ஹைதராபாத்தில் அவர் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றவர். பல்கலைக்கழக அணிக்கும் நகரத்துக் கழகங்களுக்கும் ஆடிய நல்ல ஆட்டக்காரர் எனினும், தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. தொழிலால் அவர் பாடசாலை ஆசிரியர். காச்சிகுடா, தாருல் உலூம், சாதர்காட் என்று ஹைதராபாத்தின் பல பாடசாலைகளில் படிப்பித்தார். இடையில் உடற்கல்வியில் டிப்ளோமாவும் பெற்றார். 1943ஆம் ஆண்டு ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றவர், கண்ணை மூடும் வரை இருபது ஆண்டுகள் அப்பொறுப்பிலேயே இருந்தார். நகரம் முழுவதும் அவரை அறிந்திருந்தது ரஹீம் சாஹிப் என்ற பெயரால்.

அந்த இருபது ஆண்டுகளின் நடுவே ஹைதராபாத் ஒரு பெருந்துயரைக் கடந்து வந்தது என்பதை மறந்துவிடலாகாது. 1948ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இந்தியப் படைகள் உள்ளே புகுந்து நிஜாமின் அரசை இந்தியாவுடன் இணைத்தன. அதனை ஒட்டி எழுந்த வன்செயல்களில் 27,000 முதல் 40,000 வரையானோர் உயிரிழந்திருக்கலாம் என இந்திய அரசே அனுப்பிய சுந்தர்லால் குழு மதிப்பிட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அக்குழுவின் அறிக்கை பல தசாப்தங்களாக வெளியிடப்படவேயில்லை. அச்சமும் ஐயமும் நிறைந்திருந்த அந்த நகரத்தின் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர், மூன்றாண்டுகள்கூட நிறைவுறாத நிலையில், இந்தியாவின் தேசிய அணியைப் பயிற்றுவித்துக் கொண்டிருந்தார். இதனை வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட, எமது மாகாணத்து வாசகர்களால் இயலாது.

1950ஆம் ஆண்டு ரஹீம் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநரானார். கல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இந்திய உதைபந்தாட்டத்தைத் தம் குடும்பச் சொத்தாகக் கருதியிருந்த காலம் அது. பொலிஸ் கொன்ஸ்தாபிள்களைக் கொண்ட அந்த அணி, பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. டூராண்ட் கிண்ணத்தையும் பலமுறை கைப்பற்றியது. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணம் 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் ஹைதராபாத் வசமாயிற்று. பணமும் புகழும் கல்கத்தாவிலிருக்க, கிண்ணங்கள் தக்காணத்துக்குப் பயணமாயின.

1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் புதுடில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா மூன்று கோல்களால் வென்ற இந்திய அணி, இறுதிப் போட்டியில் ஈரானைச் சந்தித்தது. சாஹு மேவாலால் அடித்த ஒரேயொரு கோல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தது. அணித் தலைவர் சைலன் மன்னா. மறு ஆண்டு கொழும்பில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய கொழும்புக் கிண்ணச் சுற்றுப்போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. இலங்கை ரசிகர்கள் அக்காலத்து இந்திய ஆட்டத்தைக் கண்ணாரக் கண்டது அப்போதுதான்.

அதே ஆண்டு ஜூலை மாதம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அடி விழுந்தது. குளிர்ந்த வடநாட்டுத் தரையில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியர்கள் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றனர். அகமது கான் அடித்த கோல் ஒன்றே ஆறுதல். வெறுங்காலால் ஆடுவது இந்தியக் கலை என்று அதுவரை பெருமை பேசியவர்கள் வாயடைத்துப் போயினர். இனிமேல் சப்பாத்து அணியாமல் ஆட முடியாது என்று இந்திய உதைபந்தாட்ட சம்மேளனம் விதி செய்தது. 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு இந்தியா போகாமைக்கு வெறுங்கால்தான் காரணம் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. உலகக் கிண்ணத்தின் பெறுமதியை அன்றைய நிர்வாகிகள் உணராமையே அதற்குப் பெரிய காரணம் எனலாம். வெறுங்காலின் விலை தெரிந்தது பிரேசிலில் அல்ல, ஹெல்சிங்கியில்.

பத்துக் கோல் வாங்கிய அணியின் பயிற்றுநர் பொதுவாக வீட்டுக்கு அனுப்பப்படுவார். ரஹீம் அனுப்பப்படவில்லை. அதைவிட முக்கியமானது, அத்தோல்வியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது ஹங்கேரி. நடு முன்கள வீரரை எதிரணியின் கோலுக்கு அருகில் நிறுத்தாமல் பின்னுக்கு இழுத்து, அவரைக் காவல் காப்பவரைக் குழப்பத்தில் ஆழ்த்தும் புதிய உத்தியை அந்நாட்டார் வளர்த்துக்கொண்டிருந்தனர். 1953ஆம் ஆண்டு வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என்று வீழ்த்தி அவர்கள் அதனை உலகறியச் செய்தனர். இந்தியாவோ இரண்டு பின்கள வீரர்கள், மூன்று நடுக்கள வீரர்கள், ஐந்து முன்கள வீரர்கள் என்ற பழைய அடுக்கிலேயே ஊறிப்போயிருந்தது. ரஹீம் அந்த அடுக்கைக் கலைக்கத் தொடங்கினார். நால்வர் பின்னால், இருவர் நடுவில், நால்வர் முன்னால் என்ற அமைப்பை 1958ஆம் ஆண்டு பிரேசில் உலகுக்குப் பிரபலமாக்குவதற்கு முன்பே அதன் ஒரு வடிவத்தை அவர் இந்தியாவில் முயன்று பார்த்தார் என்பது உதைபந்தாட்ட வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு.

ஆனால் வரைபடம் போடுவது இலகு. அதனை ஆடக்கூடிய கால்கள் வேண்டுமே! இவ்விடத்தில்தான் ரஹீம் என்ற ஆசிரியரைக் காண்கிறோம். ஒரு வகுப்பில் கணக்கில் பலவீனமான பிள்ளைக்குக் கணக்கையே கூடுதலாகக் கொடுப்பது போல, வீரர்களின் குறைகளுக்கென்றே அவர் சுற்றுப்போட்டிகளை நடத்தினார். வலது காலால் உதைப்பவர் இடது காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று ஒரு போட்டி. பந்தைத் தன்னிடமே வைத்து எதிரியை ஏமாற்றி ஓடுவதற்குத் தடை விதித்த இன்னொரு போட்டி. பந்து வந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். சிறுவர்களுக்கு உயர அளவை வைத்துப் பிரித்து நடத்திய போட்டிகள் வேறு. வயதுச் சான்றிதழ் எவரிடமும் இல்லாத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடையே அதைவிட நியாயமான அளவுகோல் ஏது?

தனியொருவரின் வித்தையை ரசித்துக் கைதட்டும் பழக்கம் தெற்காசியா முழுவதற்கும் உரியது. நாலு பேரை வெட்டிக்கொண்டு போகிறவனே எமக்கு வீரன். நேரத்துக்குப் பந்தைத் தட்டிக் கொடுப்பவன் சாதாரணன். ரஹீம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார். ஓட்டத்திலும் குறுகிய பரிமாற்றத்திலும் அவரது அணிகள் எதிரணியைக் களைக்கச் செய்தன. அவரிடம் பழகிப் பின்னர் தாமும் பயிற்றுநரான அல்பெர்ட்டோ பெர்னாண்டோ 1964ஆம் ஆண்டு பிரேசிலுக்குப் பயிற்சிக்குச் சென்றபோது, அங்கே கற்பிக்கப்பட்டவை ரஹீமிடம் தாம் 1956இலேயே கற்றவைதாம் என்று கண்டு வியந்தாராம்.

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் இந்தப் பாடத்தின் முதற் பெரும் பரீட்சை. முதற்சுற்றில் இந்தியாவைச் சந்திக்கவிருந்தது ஹங்கேரி. புடாபெஸ்டில் எழுந்த புரட்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கிய மாதம் அது. ஹங்கேரியின் உதைபந்தாட்ட அணி வரவில்லை. காலிறுதியில் இந்தியா விருந்தளித்த நாடான அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என வென்றது. பம்பாய் வீரர் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஒரே போட்டியில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆசிய நாடும் இந்தியாவே. அரையிறுதியில் எதிர்நின்றது பழைய யூகோஸ்லாவியா. முதற் கோலை அடித்ததும் இந்தியாதான். ஆயினும் நான்கு கோல்கள் வாங்கித் தோற்றது. வெண்கலத்துக்கான போட்டியில் பல்கேரியாவிடம் மூன்று கோல்களால் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பியது. ஹெல்சிங்கியில் ஒன்பது கோல் வித்தியாசத்தில் தோற்ற அதே நாட்டுக்கு எதிராக நான்காண்டுகளில் முன்னிலை பெறும் நிலைக்கு ஓர் அணி வந்ததென்றால், நான்காம் இடம் என்ற சொல்லுக்குள் அடங்காத ஒன்று அங்கே நடந்திருக்கிறது.

மெல்போர்ன் அணியில் ஹைதராபாத் வீரர்கள் நிறைந்திருந்தனர். தம் ஊராருக்கே இடம் கொடுக்கிறார் என்ற முணுமுணுப்பு கல்கத்தாவில் எழுந்ததுண்டு. ஆனால் அணித் தலைவர் வங்காளத்தவரான சமர் பானர்ஜி. நட்சத்திரம் கோவா வம்சாவளி டிசூசா. பின்வந்த ஆண்டுகளில் ரஹீமின் அணியைத் தூக்கி நிறுத்தியவர்கள் வங்காளத்தின் பி. கே. பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும். இவர்களோடு மூன்றாமவராகச் சேர்த்துச் சொல்லப்படுபவர் துளசிதாஸ் பலராம்.

பலராமின் கதை எமக்கு நெருக்கமானது. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் 1936ஆம் ஆண்டு பிறந்தவர். அவரது ஆட்டத்தைக் கண்ட ரஹீம் நகரத்துப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அவ்வளவு தூரம் வந்துபோகப் பையனிடம் வழியில்லை. சைக்கிள் வாடகைக்கான காசை ரஹீமே கொடுத்தார் என்பதைப் பலராம் முதுமை வரை நன்றியோடு சொல்லிவந்தார். மெல்போர்ன், உரோம், ஜகார்த்தா என மூன்று பயணங்களிலும் அவர் ரஹீமின் அணியில் இருந்தார். இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். இவரும் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தபோது முன்கள வீரராக ஆடியவர், பின்னர் கோல் காப்பாளராக மாறி ஆசியாவின் தலைசிறந்தோருள் ஒருவரானார். திருப்பூர்க்காரரான சைமன் சுந்தர்ராஜ் 1960ஆம் ஆண்டு அணியில் இருந்தார். அவர் பின்னாளில் பயிற்றுநராகி 1973ஆம் ஆண்டு கேரளத்துக்கு முதலாவது சந்தோஷ் கிண்ணத்தை வென்று கொடுத்தார்.

1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் குலுக்கல் இந்தியாவைக் கடினமான குழுவில் போட்டது. ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோல்வி. பிரான்ஸுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை. பெருவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோல்வி. பிரான்ஸுக்கு எதிராகக் கடைசி ஒன்பது நிமிடங்கள் வரை இந்தியாவே முன்னிலையில் நின்றது. அதன் பின்னர் இந்திய அணி ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்குத் தகுதி பெறவே இல்லை.

உரோம் சென்ற அணியில் ரஹீமின் மகன் செய்யித் ஷாஹித் ஹக்கீமும் ஒருவர். மூன்று போட்டிகளில் ஒன்றிலேனும் அவர் களமிறக்கப்படவில்லை. தந்தை பயிற்றுநராக இருக்க மகன் ஓரத்து ஆசனத்தில் அமர்ந்திருந்தார். பின்னாளில் விமானப்படை அதிகாரியாகவும் சர்வதேச நடுவராகவும் விளங்கிய ஹக்கீம் 2021ஆம் ஆண்டு காலமானார். எமது ஊர்களில் கழகத் தலைவரின் மருமகனுக்கு அணியில் இடம் கிடைப்பது எத்தனை இயல்பாக நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்தச் செய்தியைச் சற்று நிதானித்துப் படிப்பார்கள்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவுக்கு வருவோம். நான்காவது ஆசிய விளையாட்டு விழா அங்கு நடைபெற்றது. இஸ்ரேல், தாய்வான் வீரர்களுக்கு இந்தோனேசிய அரசு விசா வழங்கவில்லை. ஆசிய விளையாட்டு விழாவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி இதனைக் கண்டித்து, இவ்விழாவுக்கு ஆசிய விளையாட்டு விழா என்ற பெயரே பொருந்தாது என வாதிட்டார். ஜகார்த்தா கொதித்தெழுந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. தெருவில் நடமாடவே இந்திய வீரர்கள் அஞ்சினர். சோந்தியின் வாதத்தில் பந்தை உதைப்பவர்களுக்கு என்ன பங்கு? அரசுகள் மோதும்போது அடி வாங்குவது யார் என்பது எங்கும் ஒன்றுதான்.

ஆட்டமும் தோல்வியோடு தொடங்கியது. முதற் போட்டியில் தென் கொரியா இரண்டு கோல்களால் வென்றது. அடுத்து தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என வென்றபோதிலும் பின்களத்தின் தூணான ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. அவரில்லாமலே ஜப்பானை இரண்டு கோல்களால் வென்று இந்தியா அரையிறுதியை அடைந்தது.

இங்கு ரஹீம் எடுத்த இரண்டு முடிவுகளை விரித்துச் சொல்ல வேண்டும். காயம் ஆறாத பின்கள வீரரை ஒன்று ஓய்வில் விடுவார்கள், அல்லது துணிந்து பின்களத்திலேயே நிறுத்துவார்கள். ரஹீமோ ஜர்னைல் சிங்கை நடு முன்கள வீரராக்கினார். கல்லூரி நாட்களில் அவர் முன்களத்தில் ஆடியவர் என்பது ரஹீமுக்கு நினைவிலிருந்தது. தலையில் கட்டோடு தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இறங்கிய ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். இந்தியா மூன்றுக்கு இரண்டு என வென்றது. இரண்டாவது முடிவு இறுதிப் போட்டிக்குரியது. தங்கராஜ் காய்ச்சலில் விழுந்ததால் முந்திய போட்டிகளில் கோலைக் காத்து நன்றாகவே ஆடியவர் பிரத்யுத் பர்மன். வென்றுகொண்டிருக்கும் அணியை மாற்றலாகாது என்பது பயிற்றுநர்களின் எழுதாத விதி. ரஹீம் அதனை மீறி, ஆறடிக்கு மேல் உயரமான தங்கராஜை இறக்கினார். கொரியர்கள் பந்தை உயர்த்தி அடிப்பவர்கள் என்பதை முதற் போட்டியிலேயே அவர் குறித்துக்கொண்டிருந்தார்.

தோல்வியைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து அடுத்த பாடத்துக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியரின் பழக்கம் இது. ஹெல்சிங்கியில் செய்தது போலவே ஜகார்த்தாவிலும் செய்தார். முன்னதற்கு நான்கு ஆண்டுகள் எடுத்தன. பின்னதற்கு சில நாட்களே கிடைத்தன.

செப்டெம்பர் 4ஆம் திகதி, செனாயன் மைதானம். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். இந்தியாவின் தேசிய கீதம் கூச்சலில் அமிழ்ந்துபோயிற்று. இந்தியர்களின் கால் பந்தில் பட்டபோதெல்லாம் கேலிக்குரல் எழுந்தது. அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவே இந்தியாவுக்காகக் குரல் கொடுத்த சிறு கூட்டமொன்றும் இருந்தது. அவர்கள் பாகிஸ்தான் ஹொக்கி அணியினர். அவ்விழாவின் ஹொக்கி இறுதிப் போட்டியில் இந்தியாவை வென்று தங்கம் பெற்றவர்கள் அவர்கள்தாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முந்திய நாள் ரஹீம் வீரர்களிடம் தமக்கு ஒரேயொரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம் என்று கேட்டதாக அவ்வணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். பதினேழாவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதற் கோலை அடித்தார். மூன்று நிமிடங்கள் கழிந்ததும் கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். கொரியர்கள் உயர அடித்த பந்துகளைத் தங்கராஜ் எட்டிப் பிடித்துக்கொண்டேயிருந்தார். எண்பத்தைந்தாவது நிமிடத்தில்தான் கொரியாவால் ஒரு கோல் அடிக்க முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. தங்கம்.

அன்று களத்தில் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். லாயல்பூரில் பிறந்து, பிரிவினையால் ஊரிழந்து பஞ்சாபின் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த சீக்கியர் ஜர்னைல். ஹைதராபாத் தமிழர்கள் தங்கராஜும் பலராமும். ஹைதராபாத் முஸ்லிம் யூசுப் கான். இரிஞ்ஞாலக்குடையைச் சேர்ந்த மலையாளி சந்திரசேகரன். கோவா வம்சாவளியான பிராங்கோ. வங்காளிகளான சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, அருண் கோஷ், பிரசாந்த சின்ஹா. இவர்களில் ஒருவரையும் எண்ணிக்கை சரிபார்த்து ரஹீம் தெரிவு செய்யவில்லை. வலது பக்கத்துக்கு யார், இடது பக்கத்துக்கு யார் என்று மட்டுமே பார்த்தார். 2006ஆம் ஆண்டு போரில் சம்பூர் மக்கள் தெற்கே வாகரை நோக்கியும் மூதூர் மக்கள் கந்தளாய் நோக்கியும் ஓடியதைக் கண்டவர்கள் நாம். சம்பூர்க் குடும்பங்கள் தம் நிலம் திரும்பக் கிடைக்கும் வரை ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்தது இதே கட்டைபறிச்சானில்தான். ஊரிழந்த ஜர்னைல் சிங்கை மறக்கப் பாகிஸ்தான் வீரர்களால் முடியவில்லை என்று எழுதினால் அது மிகையாகிவிடும். ஆனாலும் அந்த மாலையில் அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பது மிகையல்ல.

ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ரஹீம் உயிரோடிருந்தது ஒன்பது மாதங்கள்தான். நுரையீரற் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி, ஐம்பத்து மூன்றாம் வயதில் இறையடி சேர்ந்தார். அதே ஆண்டு பலராமும் உடல்நலக் குறைவால் இருபத்தேழு வயதில் ஆட்டத்தை விட்டு விலகினார்.

இந்திய அரசின் பத்ம விருது எதுவும் ரஹீமுக்கு வழங்கப்படவில்லை. பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985ஆம் ஆண்டுதான் தொடங்கப்பட்டது. அப்போது அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1990ஆம் ஆண்டு உதைபந்தாட்டத்துக்காக அவ்விருதைப் பெற்றவர் செய்யித் நயீமுத்தீன். அவரும் ஹைதராபாத்காரர் என்பது தற்செயல் அல்ல. விருது கிடைக்காததைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. இடது கால் போட்டிகளையும் பரிமாற்றப் போட்டிகளையும் எந்தச் சம்மேளனமும் நாடு தழுவிய பாடத்திட்டமாக்கவில்லை. பயிற்றுநரை ஊதியத்துக்கு அமர்த்தினார்கள், ஆசிரியரைத் தேடவில்லை. ஜப்பானும் தென் கொரியாவும் தம் பாடசாலைகளிலும் கழகங்களிலும் ஆண்டாண்டாகக் கட்டியெழுப்பிய காலத்தில், அவ்விரு நாடுகளையும் ஒரே விழாவில் வென்ற இந்தியா தன் பாடப்புத்தகத்தைத் தொலைத்துவிட்டிருந்தது. இலங்கை அதனைத் தொலைக்கவுமில்லை, எழுதியிருந்தால்தானே தொலைப்பதற்கு!

அவர் பழக்கிய கால்கள் மட்டும் சில காலம் ஓடின. 1964ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்காரரான ஹரி ரைட் பயிற்சியளித்த இந்திய அணி இரண்டாம் இடம் பெற்றது. அவ்வணியின் வீரர்கள் பலர் ரஹீமின் மாணவர்கள். 1970ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் ஜப்பானை ஒரு கோலால் வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. அணித் தலைவர் நயீமுத்தீன். பயிற்றுநர்களுள் ஒருவர் பி. கே. பானர்ஜி. ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியா பெற்ற கடைசிப் பதக்கம் அது.